ஊமைப்பட ராணி சுலோசனா (ரூபி மையர்ஸ்): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த சுலோசனா? பேரே கேள்விப்பட்டதில்லையே?

1920கள்ல பம்பாய் ஊமைப் படங்கள்ல நம்பர் ஒன் ஹீரோயின் இவங்கதான். நிஜப் பேரு ரூபி மையர்ஸ். 1907ல புனேல பொறந்தாங்க, பாக்தாத்லேர்ந்து இந்தியாவுக்கு வந்து குடியேறின யூத சமூகத்தைச் சேர்ந்தவங்க. 1925 வாக்குல சினிமாவுக்குள்ள வந்தாங்க, ரெண்டு மூணு வருஷத்துல நாட்டுலயே அதிக சம்பளம் வாங்குற நடிகை ஆயிட்டாங்க, அடுத்த பத்து வருஷத்துக்குள்ள வாய்ப்பே இல்லாம ஒதுங்கவும் வேண்டியதாச்சு. 1973ம் வருஷத்துக்கான தாதாசாகேப் பால்கே விருது இவங்களுக்குத்தான் குடுத்தாங்க, தேவிகா ராணிக்கு அப்புறம் அந்த விருது வாங்கின ரெண்டாவது பெண். 1983 அக்டோபர் 10ம் தேதி பம்பாய்ல இறந்தாங்க.

இவங்களைப் பத்தி எங்க எழுதினாலும் "பேசும் படம் வந்துச்சு, மொழி வரல, காணாமப் போயிட்டாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க. எனக்கு அதுல சம்மதமே இல்ல. ஏன்னு கீழ ஒவ்வொண்ணா சொல்றேன்.

இந்தி படத்துல அம்மா வேஷம் போடுவாங்களே, அந்த சுலோசனாவா?

இல்லைங்க, அவங்க சுலோசனா லாட்கர். மராத்திலயும் இந்திலயும் நிறைய அம்மா வேஷம் பண்ணவங்க, 2023ல காலமானாங்க. ரெண்டு பேர் போட்டோவையும் மாத்தி மாத்திப் போடுறாங்க, பாத்து எடுத்துக்கங்க.

அந்தக் காலத்துல ஏன் யூதப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களுமே ஹீரோயினா இருந்தாங்க?

ஏன்னா வேற யாரும் வரல, வரவும் விடல.

1913ல பால்கே இந்தியாவோட முதல் முழுநீளப் படமான "ராஜா ஹரிச்சந்திரா"வை எடுக்கும்போது சந்திரமதி வேஷத்துக்கு ஒரு பெண் கிடைக்காம அலையோ அலைன்னு அலைஞ்சு கடைசில ஹோட்டல்ல சமையல் வேலை பாத்துட்டிருந்த சாளுங்கேங்கற ஆளைக் கூட்டிட்டு வந்து பொடவை கட்டி நடிக்க வச்சார். அதே சாளுங்கே 1917ல "லங்கா தகன்" படத்துல ராமனாவும் அவரே, சீதையாவும் அவரே. நடுவுல 1913லயே துர்காபாய் காமத்தும் அவங்க பொண்ணு கமலாபாயும் துணிஞ்சு நடிச்சாங்க, ஆனா அவங்களைப் பாத்து பின்னாடி பெரிய கூட்டமா யாரும் வந்துடல. சினிமாவுல நடிக்கிற பொண்ணுன்னா குடும்பத்துப் பொண்ணு இல்லன்னு ஊரே முடிவு பண்ணி வச்சிருந்த காலம் அது. 1927ல பிரிட்டிஷ் சர்க்கார் சினிமாவைப் பத்தி விசாரிக்க ஒரு கமிட்டி போட்டாங்க, அதுக்குத் தலைவரு நம்ம மெட்ராஸ் வக்கீல் டி. ரங்காச்சாரியார். "நல்ல குடும்பத்துப் பொண்ணுங்க நடிக்க வருவாங்களா"ங்கறது அங்கயும் பேச்சாச்சு.

அதனால ஏற்கனவே வெளிய வேலைக்குப் போயிட்டிருந்த பெண்கள் பக்கம் கம்பெனிக்காரங்க திரும்பினாங்க. டைப்பிஸ்ட், டெலிபோன் ஆபரேட்டர், நர்ஸ், டான்ஸர். கல்கத்தால பேஷன்ஸ் கூப்பர் இப்படி வந்தவங்க. "லைட் ஆஃப் ஏஷியா"ல நடிச்ச சீதா தேவியோட நிஜப் பேரு ரெனீ ஸ்மித். பின்னாடி 1947ல முதல் மிஸ் இந்தியா ஆன பிரமிளா, எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம்ங்கற யூதப் பெண். இந்த வரிசையில உச்சிக்குப் போனவங்கதான் ரூபி.

இந்தப் பெண்கள் இல்லேன்னா இந்திய சினிமா இன்னும் பத்து வருஷம் மீசை மழிச்ச சீதையோடதான் ஓடியிருக்கும்ங்கறது என் எண்ணம். அவங்களுக்கு நாம பட்டிருக்கற கடன் ரொம்பப் பெருசு.

சினிமாவுக்கு எப்படி வந்தாங்க?

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டர். அந்த வேலை எப்படின்னு இப்ப உள்ளவங்களுக்குத் தெரியாது, அதனால சொல்றேன். ஆளுயர மரப்பலகை, அதுல வரிசை வரிசையா ஓட்டை, காதுல மாட்டின கருவி, யாராவது போனை எடுத்தா பலகையில சின்ன சிக்னல் வரும், "நம்பர் ப்ளீஸ்"ன்னு கேட்டு வயரை எடுத்து சரியான ஓட்டையில சொருகணும், பேசி முடிச்சதும் உருவணும், நாள் பூரா இதேதான். ஊர்ல பெரிய மனுஷங்க எல்லாருக்கும் அந்தக் குரல் பழக்கம், முகத்தை மட்டும் ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க.

கோஹினூர் கம்பெனி டைரக்டர் மோகன் பவ்னானி வந்து நடிக்கக் கூப்பிட்டப்போ ரூபி முடியாதுன்னுட்டாங்க. அந்தத் தொழிலுக்கு இருந்த பேரு அப்படி. அவர் விடாம திரும்பத் திரும்பக் கேட்டு சம்மதிக்க வச்சார். நடிப்புன்னா என்னன்னே தெரியாமதான் வந்தாங்க, மேடை அனுபவம் இல்ல, பாட்டு இல்ல, டான்ஸ் இல்ல.

அதுவரைக்கும் வெறும் குரலா இருந்தவங்க சினிமாவுக்குள்ள நுழைஞ்சதும் வெறும் முகமா ஆனாங்க. ஆறு ஏழு வருஷம் கழிச்சு சினிமா ரெண்டையும் சேத்துக் கேட்டுச்சு. இந்தக் கதையை யோசிக்கறப்பல்லாம் எனக்கு முதல்ல ஞாபகத்துக்கு வர்றது இதுதான்.

பேரை ஏன் மாத்தினாங்க?

புராணப் படம் பாக்க வர்ற ஜனங்களுக்கு ரூபி மையர்ஸ்னா ஒட்டாதுன்னு கம்பெனிக்காரங்க நினைச்சாங்க. சு-லோசனம்னா அழகான கண்ணு. இவங்களுக்கு லேசான பழுப்பு நிறக் கண்ணு, அதை மனசுல வச்சுத்தான் பேர் வச்சாங்களான்னு தெரியாட்டியும் பொருத்தமான பேருதான். அப்போ நிறைய பேருக்கு இப்படித்தான் இந்துப் பேர் வச்சாங்க.

ஊமைப் படத்துல நடிக்கிறது சுலபம்தானே? வசனம் மனப்பாடம் பண்ண வேண்டாமே?

இதைக் கேட்டாலே எனக்கு மனசு தாங்காது.

பாருங்க, வசனமே கிடையாது, நடுநடுவுல எழுத்து அட்டை மட்டும் வரும், அதுவும் ஒரே அட்டையில குஜராத்தி, இந்தி, உருது, இங்கிலீஷ்னு பல மொழியில. சனங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால கொட்டகையில ஒரு ஆள் நின்னு கதையைச் சத்தமா சொல்லுவார், நம்ம ஊர் டென்ட் கொட்டாயிலயும் அப்படித்தான், பக்கத்துல ஆர்மோனியமும் தபலாவும். ஆக பெண்ணோட கோவம், வெக்கம், ஏமாத்தம், எல்லாமே முகத்துலயும் உடம்புலயும் வந்தாதான் உண்டு.

அடுத்து பிலிம். அப்போ இருந்த பிலிமுக்கு சிவப்பு நிறம் சரியா தெரியாது, சிவப்பா இருக்கறது எல்லாம் கறுப்பாத்தான் விழும். லேசா உதட்டுச் சாயம் போட்டா உதடு கரியாட்டம் இருக்கும், முகத்துல சின்ன சிவப்புத் தடிப்பு இருந்தா கறுப்புப் புள்ளியா தெரியும். அதனால முகம் முழுக்க கெட்டியா வெளுப்பா பூசிக்கணும், கண்ணைச் சுத்தி மை. அந்தப் பூச்சோட வெயில்ல நிக்கணும், ஏன்னா பாதி ஷூட்டிங் சூரிய வெளிச்சத்துலதான். வெயில்ல பூச்சு உருகாம கண்ணைச் சுருக்காம காதல் பண்ணணும். கேமராவைக் கையால சுத்துவாங்க, கேமராமேன் கை வேகம் மாறினா நம்ம நடையும் மாறித் தெரியும். டைரக்டர் பக்கத்துல நின்னு கத்திக்கிட்டே இருப்பார், "இப்ப திரும்பு, இப்ப அழு"ன்னு. இதெல்லாம் தாண்டி ஒரு முகம் ஜனங்க மனசுல நிக்கிதுன்னா அது சாதாரண விஷயம் இல்ல.

எந்தப் படங்கள்ல பேர் வாங்கினாங்க?

1926ல "டைப்பிஸ்ட் கேர்ள்", டைரக்டர் சந்துலால் ஷா. நம்ம ஆளுங்களுக்கு இதுல ஒரு விசேஷம் இருக்கு, இதுல நடிச்சவர்ல ஒருத்தர் புதுக்கோட்டைக்காரர் ராஜா சாண்டோ. தமிழ்நாட்டு அரசு இவர் பேர்ல விருதே குடுத்திருக்கு. ஒரு தமிழரும் புனே யூதப் பெண்ணும் பம்பாய்ல குஜராத்தி டைரக்டர் படத்துல ஒண்ணா நடிக்க முடிஞ்சதுன்னா காரணம் அந்தப் படத்துக்கு பாஷையே கிடையாதுங்கறதுதான். அதே 1926ல டெலிபோன் பொண்ணாவே "டெலிபோன் நி தருணி"லயும் நடிச்சாங்க.

1927ல "வைல்ட்கேட் ஆஃப் பாம்பே". இதுல எட்டு வேஷம்! தோட்டக்காரன், போலீஸ்காரன், ஹைதராபாத் கனவான், தெருப் பையன், வெள்ளைக்காரப் பொண்ணு, வாழைப்பழம் விக்கிற கிழவின்னு மாறி மாறி வருவாங்க. பின்னாடி நம்ம பெரிய நடிகர்கள் ஒம்பது வேஷம் பத்து வேஷம்னு போட்டப்போ எவ்வளவு கொண்டாடினோம், இவங்க இருபது வயசுல, ஒரு பெண்ணா இருந்துகிட்டு, அதுல ஆம்பளை வேஷமும் போட்டுக் காட்டிட்டாங்க. படத்தை எடுத்தது பவ்னானி.

அப்புறம் ஆர்தேஷிர் இரானியோட இம்பீரியல் ஃபிலிம் கம்பெனிக்கு மாறினாங்க. அங்கதான் ஆர்.எஸ். சௌத்ரி டைரக்‌ஷன்ல "மாதுரி" (1928), "அனார்கலி" (1928), "இந்திரா பி.ஏ." (1929), மூணும் ஹிட்.

"அனார்கலி" பின்னாடி ஒரு ரேஸே நடந்துச்சு. இம்தியாஸ் அலி தாஜ் எழுதின நாடகத்தை வச்சு இன்னொரு கம்பெனி பெரிய செலவுல ஒரு படம் எடுத்துட்டிருந்தாங்க, சீதா தேவி அனார்கலி. இது தெரிஞ்சதும் இரானி அவசர அவசரமா சுலோசனாவை வச்சு தன் படத்தை எடுத்து முன்னாடி ரிலீஸ் பண்ணிட்டார். அந்தப் பெரிய படம் பின்னாடி வந்தப்போ ஜனங்க ஏற்கனவே ஒரு அனார்கலியைப் பாத்து மனசுல வச்சாச்சு. சுலோசனா ஜெயிச்சாங்கங்கறது எனக்கு சந்தோஷம்தான், ஆனா அந்த இடத்துல தோத்துப் போனதும் இவங்களை மாதிரியே பேர் மாத்தி வந்த ஒரு பொண்ணுதான்.

காந்தி படத்தோட இவங்க டான்ஸை சேத்து ஓட்டினாங்களாமே?

ஆமாங்க. பேசும் படத்துக்கு முன்னாடி சவுண்டைச் சோதிச்சுப் பாத்துட்டிருந்த சமயம். காந்தி கதர் கண்காட்சியைத் திறந்து வைக்கிற ஒரு சின்ன படத்தோட, கூடவே "மாதுரி" படத்துல இவங்க ஆடின டான்ஸை சத்தம் சேத்துக் காட்டினாங்க. கொட்டகைக்கு கூட்டத்தை இழுக்க அப்போ அவங்களுக்குத் தெரிஞ்ச ரெண்டு முகம் அவ்வளவுதான்.

பம்பாய் கவர்னரை விட அதிக சம்பளம் வாங்கினாங்கங்கறது உண்மையா?

இதை எல்லாரும் எழுதுறாங்க, நானும் ரொம்ப நாள் நம்பிட்டிருந்தேன். மாசம் 5,000 ரூபாய் வாங்கினாங்கங்கறதுதான் பொதுவா சொல்ற கணக்கு. ஆனா 1935 இந்திய அரசுச் சட்டத்துல பம்பாய் கவர்னருக்கு வருஷச் சம்பளம் 1,20,000 ரூபாய்னு போட்டிருக்கு, மாசத்துக்கு 10,000 ஆச்சு. ஆக கணக்கு இடிக்குது. கவர்னர் கதையை விட்டுடலாம்.

விட்டாலும் 5,000 கொறஞ்ச காசு இல்ல. அப்போ நடிகைங்க கம்பெனில மாசச் சம்பளக்காரங்க, இன்னிக்கு மாதிரி படத்துக்கு இவ்வளவுன்னு பேசி வாங்குறது கிடையாது. அந்தச் சம்பளத்துல செவர்லே கார் வச்சிருந்தாங்க. ஒரு டெலிபோன் ஆபரேட்டர் பத்து வருஷத்துக்குள்ள அங்க வந்து நின்னாங்க, அதுக்கு எந்தக் கவர்னர் ஒப்பீடும் தேவையில்ல.

பேசும் படம் வந்ததும் என்ன ஆச்சு?

1931 மார்ச் 14ம் தேதி பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டர்ல "ஆலம் ஆரா" ரிலீஸ். எடுத்தது யாரு? இவங்க கம்பெனி, இவங்க முதலாளி இரானி. ஹீரோயின் யாரு? சுபைதா. இந்தியாவுலயே பெரிய ஸ்டாரை சம்பளத்துக்கு வச்சிருந்த கம்பெனி முதல் பேசும் படத்துல அவங்களைப் போடல. இந்துஸ்தானி பேச வராதுங்கறதுதான் காரணம்.

அந்தப் படத்தை எடுத்த விதத்தையும் சொல்லணும். இம்பீரியல் ஸ்டுடியோவுக்குப் பக்கத்துலயே ரயில் தண்டவாளம், ரயில் போனா சத்தம் பதிவாயிடும், அதனால ராத்திரி ஒரு மணிக்கு மேல ரயில் நின்னப்புறம் விடிகாலை வரைக்கும் ஷூட்டிங். மைக்கை நடிக்கிறவங்க பக்கத்துல எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பாங்க, அதைத் தாண்டி நகர்ந்தா குரல் போயிடும். அதுவரைக்கும் இஷ்டத்துக்கு ஓடி ஆடி நடிச்சவங்க எல்லாம் நின்ன இடத்துல நின்னு பேசணும், பாடணும். பாட்டுன்னா ஒண்ணு ரெண்டு இல்ல, 1932ல வந்த "இந்திர சபா"ல சுமார் 70 பாட்டு! மேடையில பாடி ஆடி வந்தவங்களுக்குத்தான் அது திருவிழா.

சுலோசனா என்ன பண்ணாங்கன்னா, ஒரு வருஷம் போல ஒதுங்கி உக்காந்து இந்துஸ்தானி கத்துக்கிட்டாங்க. இதைத்தான் யாரும் சொல்றதில்ல! நாட்டோட பெரிய ஸ்டார், பணம் இருக்கு, பேர் இருக்கு, அ ஆ-லேர்ந்து ஆரம்பிச்சு உச்சரிப்பு பழகி திரும்பி வந்தாங்க. 1932ல "மாதுரி" பேசும் படமா வந்துச்சு, இவங்களே ஹீரோயின். 1934ல "இந்திரா எம்.ஏ." 1935ல மறுபடி "அனார்கலி". 1936ல "பம்பாய் கி பில்லி", அதாவது பழைய வைல்ட்கேட். பி.ஏ. படிச்ச இந்திரா அஞ்சு வருஷத்துல எம்.ஏ. ஆனாங்க பாருங்க. மாசம் 5,000 சம்பளமும் இந்தக் காலத்துலதான்.

ஆக பேசும் படம் வந்து அஞ்சாறு வருஷம் இவங்க ஸ்டாராத்தான் இருந்தாங்க. மொழியால விழுந்தாங்கன்னு சொன்னா அந்த ஒரு வருஷ உழைப்பு இல்லாமப் போயிடுது.

அப்போ நிஜமா எதனால விழுந்தாங்க?

ஒரே காரணம்னு இல்ல, நான் பாத்த வரைக்கும் சொல்றேன்.

மேல இருக்கற படப் பேரையெல்லாம் திரும்பப் பாருங்க. எல்லாமே அவங்களோட பழைய படம்தான். கம்பெனி பெருசா புதுக் கதைன்னு மெனக்கெடல, ஊமைப் படத்துல ஓடினதையே திரும்பத் திரும்ப பேச வச்சு எடுத்தாங்க. ஜனங்க பாத்தாங்க, ஆனா பழைய சுலோசனாவைத்தான் பாத்தாங்க. அவங்களுக்குன்னு புதுசா ஒரு ஆளை யாரும் எழுதவே இல்ல, இது கம்பெனியோட சோம்பேறித்தனம், தண்டனை மட்டும் அவங்களுக்கு.

அப்புறம் ஜோடி. டி. பில்லிமோரியாவும் இவங்களும் திரையில பெரிய காதல் ஜோடி, வெளியிலயும் காதல்னு ஊரெல்லாம் பேச்சு. 1933லேர்ந்து கிட்டத்தட்ட அவர் கூடவேதான் நடிச்சாங்க. அந்த உறவு முடிஞ்சப்போ ரெண்டு பேர் மார்க்கெட்டும் சேந்தே போச்சு. ஒரே கம்பெனி, ஒரே ஜோடி, ஒரே மாதிரி படம், மூணுல ஒண்ணு ஆட்டம் கண்டாலும் எல்லாம் சரியும். 1938ல இம்பீரியல் கம்பெனியே மூடிட்டாங்க. நடுவுல ரூபி பிக்ஸ்னு சொந்தக் கம்பெனியும் ஆரம்பிச்சுப் பாத்தாங்க, அதுவும் நிலைக்கல.

மூணாவது ஒண்ணு இருக்கு, எனக்கு இதுதான் ரொம்ப வலிக்கிறது. இவங்க மாதிரி பெண்கள் துணிஞ்சு வந்து பத்து வருஷம் நடிச்சுக் காட்டினப்புறம் சினிமா மேல இருந்த களங்கம் கொஞ்சம் கொறஞ்சு போச்சு, "நல்ல குடும்பம்"னு சொல்லிக்கிட்டவங்க வர ஆரம்பிச்சாங்க. 1932ல துர்கா கோட்டே, அப்புறம் தேவிகா ராணி, சாந்தா ஆப்தே, லீலா சிட்னிஸ். லீலா சிட்னிஸ் நிஜமாவே பட்டதாரி. திரையில இந்திரா பி.ஏ.வா நடிச்சவங்க இடத்துக்கு நிஜ பி.ஏ. வந்தாச்சு. கதவைத் திறந்து விட்டவங்களுக்கு உள்ள நாற்காலி இல்ல. புதுசா வந்தவங்க மேல தப்பில்ல, அவங்களும் பெரிய நடிகைங்கதான். ஆனா அவங்க வர முடிஞ்சதுக்கு யார் காரணம்னு சினிமா உலகம் ஒரு தடவையாவது நினைச்சுப் பாத்திருக்கலாம்.

வயசும் சேந்துச்சு. 1938ல இவங்களுக்கு 31. ஹீரோயின்னா அப்போ கிழவி கணக்கு, பில்லிமோரியா வயசை யாரும் எண்ணல.

பின்னணிப் பாட்டு முன்னாடியே வந்திருந்தா தப்பிச்சிருப்பாங்களா?

கொஞ்ச நாள் தாக்குப் பிடிச்சிருக்கலாம். 1935ல "தூப் சாவ்"லதான் பின்னணிப் பாட்டு முறை வந்துச்சு, அதுக்கப்புறம் குரல் இல்லாதவங்களும் ஹீரோயின் ஆகலாம்னு ஆச்சு. நாலு வருஷம் முன்னாடி வந்திருந்தா "ஆலம் ஆரா" வாய்ப்பே மாறியிருக்குமோன்னு தோணும். ஆனா மேல சொன்ன மத்த காரணம் எல்லாம் அப்படியேதான இருந்திருக்கும்.

ஹாலிவுட்லயும் இப்படித்தானா?

நிறைய பேருக்கு. கிளாரா போன்னு ஒருத்தங்க, நியூயார்க் புரூக்ளின்ல ஏழைக் குடும்பம், பத்திரிகைப் போட்டில ஜெயிச்சு சினிமாவுக்கு வந்து 1927ல உச்சிக்குப் போனாங்க. 1929ல முதல் பேசும் படம், துறுதுறுன்னு ஓடுற நடிகை, மைக்கைப் பாத்ததும் பயந்து நின்னுட்டாங்க. டைரக்டர் டாரத்தி ஆர்ஸ்னர் ஒரு தூண்டில் கம்புல மைக்கைக் கட்டி அவங்க தலைக்கு மேலயே கூடக் கொண்டு போக வச்சாங்க. பெண் டைரக்டருக்குத்தான் அந்த யோசனை வந்துச்சு. 1933க்கு அப்புறம் கிளாரா நடிக்கல, 28 வயசு அப்போ. அவங்க கதைலயும் குரல் மட்டும் காரணம் இல்ல, கோர்ட் கேஸ், பத்திரிகைக்காரங்க எழுதின அசிங்கம், உடம்பும் மனசும் ஓஞ்சு போனது எல்லாம் இருக்கு.

தமிழ்ல ஊமைப் பட நடிகைங்க இருந்தாங்களா?

இருந்தாங்க, டி.பி. ராஜலட்சுமியையே எடுத்துக்கங்க. திருவையாத்துல பொறந்தவங்க, நாடக மேடை, ஊமைப் படம், அப்புறம் 1931ல முதல் தமிழ் பேசும் படம் "காளிதாஸ்". அதை எடுத்ததும் இதே இம்பீரியல் கம்பெனிதான், பம்பாய்ல, "ஆலம் ஆரா" செட்லயே! சுலோசனா மொழி கத்துக்கிட்டிருந்த அதே சமயத்துல அதே காம்பவுண்டுல நம்ம ராஜலட்சுமி தமிழ்ல பேசிப் பாடிட்டிருந்தாங்க, ஹீரோ தெலுங்குல பதில் சொல்லிட்டிருந்தார். பிலிம் பெட்டி மெட்ராஸ் வந்தப்போ வால்டாக்ஸ் ரோட்டுல தேங்காய் உடைச்சு பூத் தூவி ஊர்வலமா கொண்டு போனாங்க. ஹீரோ தெலுங்கு பேசினா பரவால்ல, ஹீரோயினுக்கு பாஷை வரலேன்னா வாய்ப்பு போச்சு, இதையும் யோசிச்சுப் பாருங்க.

ராஜலட்சுமிக்கு பேசும் படம் ஏணி, ஏன்னா கூடவே மேடைக் குரல் இருந்துச்சு. 1936ல "மிஸ் கமலா"வை அவங்களே டைரக்ட் பண்ணாங்க. 1935ல "நந்தனார்" படத்துக்கு கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் குடுத்தாங்க, அதுவும் குரலுக்குத்தான். காசு முகத்துலேர்ந்து தொண்டைக்கு இறங்கின காலம்.

பி.கே. ரோசி யாரு? அவங்களும் ஊமைப் படம்தானே?

அவங்க கதையைச் சொல்லாம விட முடியாது, ஆனா அதுல ஏற்றமே இல்ல, நேரா வீழ்ச்சிதான். ஜே.சி. டேனியல் எடுத்த முதல் மலையாளப் படம் "விகதகுமாரன்", அதுல கதாநாயகி ரோசி. தலித் பெண், நடிச்சது நாயர் பெண் வேஷம். திருவனந்தபுரத்துல படம் ஓடினப்போ ஆதிக்க சாதிக்காரங்க திரையில கல்லெறிஞ்சாங்க, அவங்க குடிசையைக் கொளுத்தினாங்க. ஒரு லாரில ஏறி தமிழ்நாட்டுப் பக்கம் தப்பிச்சு வந்து, நாகர்கோவில்ல வேற பேர்ல, நடிகைன்னு யாருக்கும் தெரியாம வாழ்ந்து முடிச்சாங்க. தன்னையே திரையில அவங்க பாக்கல. சுலோசனாவுக்காவது பத்து வருஷம் கிடைச்சுது.

சுலோசனா கடைசி காலத்துல என்ன பண்ணாங்க?

கிடைச்ச சின்ன வேஷமெல்லாம் பண்ணாங்க. 1947ல திலீப் குமார், நூர்ஜஹான் நடிச்ச "ஜுக்னு"ல ஒரு ரோல். ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளத்தாங்க. 1970கள் வரைக்கும் அங்கங்க தலை காட்டினாங்க. பால்கே விருது வந்தப்போ அவங்க கடைசியா பெரிய ஹீரோயினா நடிச்சு முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. பத்து வருஷம் கழிச்சு பம்பாய்ல ஒரு ஃப்ளாட்ல, பெரிய கூட்டம் எதுவும் இல்லாம, 76 வயசுல போயிட்டாங்க. 2013ல இந்திய சினிமா நூறாண்டுக்கு தபால் தலை போட்டப்போ அவங்க முகமும் அதுல வந்துச்சு.

அவங்க ஊமைப் படங்களை இப்ப பாக்க முடியுமா?

பெரும்பாலானது இல்லைங்க. இந்தியால சுமார் 1,300 ஊமைப் படம் எடுத்தாங்க, அதுல மிஞ்சினது கைவிரல் கால்விரல் விட்டு எண்ணுற அளவுதான், அதுலயும் பாதி துண்டு துண்டா. அந்தக் கால நைட்ரேட் பிலிம் சட்டுனு தீப்பிடிக்கும், சரியா வைக்கலேன்னா பிசுபிசுத்துப் பொடியாயிடும். அதை விடக் கொடுமை, பிலிம்ல வெள்ளி இருக்கும், ஓடி முடிஞ்ச படத்தைக் கழுவி வெள்ளியை எடுத்துப்பாங்க. "ஆலம் ஆரா"வுக்கே ஒரு பிரதி கூட இல்ல. புனேல தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் ஆரம்பிச்சதே 1964லதான், அதுக்குள்ள எல்லாம் போயாச்சு. 2003ல அங்கயும் நைட்ரேட் பிலிம் வச்சிருந்த இடத்துல தீ விபத்து.

எட்டு வேஷம் போட்டாங்கன்னு படிச்சுத்தான் தெரிஞ்சுக்க முடியும். வாழைப்பழக் கிழவியா எப்படி நடந்தாங்கன்னு இனிமே ஒருத்தராலயும் சொல்ல முடியாது.

அப்போ எதைப் பாத்து அவங்களைத் தெரிஞ்சுக்கறது?

1953ல வந்த "அனார்கலி" பாருங்க, பிரதீப் குமாரும் பீனா ராயும் நடிச்சது, இன்னிக்கும் கிடைக்குது. பாட்டுக்காகவே எல்லாரும் பாப்பாங்க. அதுல அனார்கலி பீனா ராய். சுலோசனா சலீமோட அம்மாவா, ஜோதா பாயா வர்றாங்க. 1928ல அனார்கலி, 1935ல அனார்கலி, இப்போ அனார்கலி மேல பைத்தியமா இருக்கற பையனுக்கு அம்மா.

நான் முதல் தடவை பாத்தப்போ இவங்கதான் அவங்கன்னு தெரியாமலே கடந்து போயிட்டேன். தெரிஞ்சப்புறம் மறுபடி போட்டு அவங்க வர்ற இடத்துல மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். சத்தத்தை முழுசா கொறைச்சிட்டுப் பாருங்க.